பாத்திரங்களைத் திருப்பித் தருவதற்கு முன்

அன்புள்ள எல்லோருக்கும்,

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, போய் இன்றோடு 40 நாள். சமையலறை மேடையில் இன்னும் 17 பாத்திரங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்முன் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி நன்றி அனுப்பிவிட்டார். எனக்கு நான்கு வரி போதாது. சான் அன்டோனியோவிலிருந்தும் ஆஸ்டினிலிருந்தும் மாறி மாறி வந்துபோன தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து ராத்திரியெல்லாம் போனில் துணையிருந்தவர்கள் இருக்கிறீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்களைப் பற்றியும் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்ல வரும். அவர்களுக்கு என் கணவர் படித்துச் சொல்லட்டும்.

மாமாவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சஸின் ஹில் கன்ட்ரி என்ற மலைப்பகுதியில் 1929-ல் பிறந்தவர். 1840-களில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களின் வழிவந்த குடும்பம். பேரப்பிள்ளைகள் அவரை 'ஓப்பா' என்று கூப்பிடுவார்கள், ஜெர்மன் வழக்கம். தூரத்திலிருந்து கேட்டால் 'அப்பா' என்றே காதில் விழும். நான் முதல் தடவை 'மாமா' என்று கூப்பிட்டபோது அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் அம்மாவா? எங்கே?" என்றார். அந்தச் சொல்லின் அர்த்தம் புரிந்த பிறகு, கடைக்காரரிடம்கூட "இவளுக்கு நான் மாமா" என்று பெருமையடித்துக்கொள்வார்.

நிலம் 1,200 ஏக்கர் என்றால் ஊரில் ஜமீன் என்று நினைப்பீர்கள். எல்லாம் சுண்ணாம்புக் கல். அதன்மேல் ஒரு சாண் மண். மேய்வதற்கு 20 ஏக்கருக்கு ஒரு மாடு என்று வைத்தால்தான் புல் தாங்கும். அதனால் 60 தாய்ப்பசுக்கள், செம்மேனியும் வெள்ளை முகமுமான ஹியர்ஃபோர்டு இனம். கன்றுகளை வளர்த்து விற்பதுதான் வருமானம். நான் சைவம். மாட்டுப் பண்ணையில் சைவ மருமகள் என்று ஊரே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜெர்மன் முறை உருளைக்கிழங்கு சாலட்டை எனக்காகப் பன்றிக்கறி சேர்க்காமல் தனியாகச் செய்து வைப்பார். சுமாராகத்தான் இருக்கும்.

இசைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரேடியோவைச் சொல்வார். அவர் சிறுவனாக இருந்தபோது இந்த மலைப்பக்கம் மின்சாரம் இல்லை. 1930-களின் கடைசியில்தான் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கம்பி இழுத்தார்கள். அதுவரை ரேடியோ பேட்டரியில் ஓடியது. மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து பெரிய சக்தியோடு ஒலிபரப்பிய நிலையங்களில் கார்ட்டர் குடும்பம் என்ற நாட்டுப்புறப் பாட்டுக் குழு பாடும். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அவருடைய அப்பா பாதிப் பாட்டில் அணைத்துவிடுவாராம். மீதிப் பாட்டைத் தானே முடித்துக்கொள்ளப் பழகியதாகச் சொல்வார். அப்புறம் தாய்மாமன் கொடுத்த பொத்தான் அகார்டியன். சனிக்கிழமை ராத்திரி டான்ஸ் ஹாலில் பெரியவர்கள் ஆட, பிள்ளைகளை ஓரத்தில் மெத்தை விரித்துத் தூங்கவைப்பார்கள். மெத்தையில் தூங்கிய பையன் 15 வயதில் மேடையில் உட்கார்ந்தான், 88 வயதில்தான் இறங்கினான்.

என் அம்மா அனுப்பிய ஹார்மோனியத்தைப் பிரித்த அன்று அவர் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து உள்ளே வரிசையாக இருந்த பித்தளை நாக்குகளைப் பார்த்ததும், "அட, இது தரையில் உட்கார்ந்த அகார்டியன்!" என்றார். சரிதானே, இரண்டும் துருத்திக் காற்றில் அதிரும் நாக்குதான். மூன்று மூன்றாகத் தாளம் விழும் அவருடைய வால்ட்ஸ் நடன இசைக்கு நான் 'தகிட தகிட' என்று தட்டினேன். மூன்றைச் சொல்ல இப்படி ஒரு சொல் இருப்பது அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடைசி வருடங்களில் பிக்கப் வண்டியின் கதவில் விரலால் தட்டிக்கொண்டு "டாக்கிட்டா, டாக்கிட்டா" என்றுதான் வேலி பார்க்கப் போவார்.

மாடுகள் தன் அகார்டியனுக்குத்தான் வருகின்றன என்பது 40 வருடத்து வாதம். எல்லோரும் ஹாரன் அடித்துத் தீவனத்துக்குக் கூப்பிடுவார்கள், இவர் கேட் பக்கம் நின்று வாசிப்பார். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2001-ல் மெதுவான இசை கேட்ட கறவைப் பசுக்கள் சுமார் 3 சதவீதம் கூடுதலாகப் பால் தந்ததாக வந்த செய்தியை வெட்டிக் கொட்டகைக் கதவில் ஒட்டியிருக்கிறார். "நாம்தான் பால் கறப்பதே இல்லையே" என்றேன். "கன்றுக்கு லாபம்" என்றார்.

இனி நன்றி.

முதலில், கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரருக்கு. ஜனவரியில் மாமா படுக்கையில் விழுந்தபோது கிடாரிகள் கன்று போடும் சமயம். ஒரு ராத்திரி 2 மணிக்குத் தலைச்சன் கிடாரி ஒன்று முக்கிக்கொண்டே நின்றது. மூக்கும் ஒரு முன்னங்காலும் தெரிகின்றன, இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, கன்றை உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்தி, மெதுவாகக் காலை முன்னே கொண்டுவந்தார். குளம்பைப் பொத்தாவிட்டால் கருப்பை கிழிந்துவிடும் என்று மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் டார்ச் பிடித்தேன், கை நடுங்கியது. கன்று பிழைத்தது, ஒரு மணி நேரத்தில் சீம்பால் குடித்தது.

உள்ளே வந்து சொன்னதும் மாமா கேட்ட ஒரே கேள்வி: "தொப்புளுக்கு மருந்து போட்டாயா?" ஸ்க்ரூவோர்ம் என்ற ஈ, புண்ணிலும் கன்றின் ஈரத் தொப்புளிலும் முட்டையிடும். புழு உயிருள்ள சதையையே தின்னும். அவருடைய வாலிபத்தில் தினமும் குதிரையேறி ஒவ்வொரு கன்றையும் பிடித்துப் பார்ப்பதுதான் வேலை. ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி, விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் இறக்கிவிட்டு அந்த ஈயை ஒழித்தார்கள். 1962-லிருந்து அந்த ஈக்களை உற்பத்தி செய்ததே டெக்சஸின் மிஷன் ஊரில்தான். 1980-களின் தொடக்கத்தோடு தொல்லை ஓய்ந்தும் மாமா தொப்புள் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2024 நவம்பரில் அந்த ஈ மறுபடி தெற்கு மெக்சிகோவுக்கு வந்து, அங்கிருந்து மாடு இறக்குமதியை நிறுத்தினார்கள் என்று ரேடியோவில் சொன்னபோது, "பார்த்தாயா" என்றார். 1950-லிருந்து ஏழு வருடம் நீண்ட வறட்சியையும் பார்த்தவர். சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்ட காலம். டெக்சஸின் 254 கவுன்டிகளில், நம்மூர் மாவட்டம் மாதிரி, 244 பேரிடர்ப் பகுதியானது. அந்த ஏழு வருடத்திலும் சனிக்கிழமை டான்ஸ் நின்றதில்லை என்பார். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

வீட்டுக்கு வரவழைத்த மருத்துவக் கட்டில் பக்கக் கம்பி இல்லாமல் வந்து சேர்ந்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் நாலு நாள் ஆகும் என்றார்கள். வடக்கு வேலிக்காரரின் மகன் வேலிக்கு வைத்திருந்த இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைத்து அன்று சாயங்காலமே மாட்டிவிட்டார். "கன்றுக்குட்டிக் கூண்டு" என்று மாமா அதைத் தட்டித் தாளம் போட்டார். தம்பி, உனக்கு நன்றி.

மின்சாரம் போன ராத்திரி ஆக்சிஜன் இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்த தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கு நன்றி. சம்பளம் வாங்காத வேலைக்கு இத்தனை வேகமாக வருகிறவர்களை நான் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸ் நர்ஸம்மாவுக்கு நன்றி. மாமாவைத் தொடும்முன் வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொள்வீர்கள். எத்தனை வீட்டுக்குப் போனாலும் அதை மறக்கவே மாட்டீர்களா?

ஆஸ்டின் அக்கா, நீங்கள் மூன்று வாரம் வெள்ளிக்கிழமை தவறாமல் தயிர்சாதத்தோடு வந்தீர்கள். அது மட்டுமில்லை, அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை ஹார்மோனியத்தை அவர் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு வாசித்தீர்கள். கண் திறக்கவில்லை. ஆனால் போர்வைமேல் விரல் மூன்று மூன்றாக அசைந்தது. நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம்.

குழி வெட்டியவர்களை விட்டுவிடக் கூடாது. குடும்ப இடுகாடு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது, ஓக் மரத்தடி. கீழே பாறை. இரண்டு நாள் பாறை உடைக்கும் இயந்திரம் வைத்து இறக்கினீர்கள், டீசல் காசுகூட வாங்கவில்லை.

95 வயதுக்கு ஊரில் கல்யாணச் சாவு என்று மேளம் வைத்திருப்பார்கள். இங்கேயும் மேளம் வந்தது. மாமாவின் பழைய இசைக்குழுவில் மிச்சமிருந்த நான்கு பேர் ட்ரம்பெட்டும் ட்யூபாவுமாக வந்து நின்றீர்கள். பாதிரியார் முடித்த கையோடு சோகப் பாட்டு ஒன்று வாசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே போல்கா என்ற துள்ளல் நடன இசைக்குத் தாவினீர்கள். என் அத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்து, "நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை என் கணவர் அகார்டியனைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் போனார். வாசித்தார். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. அவர் வண்டிக்குள் கைவிட்டு ஹாரனை அழுத்தினார். அறுபதும் ஓடிவந்தன. நான் கொட்டகைக் கதவில் இருந்த செய்தித் துண்டைக் கிழிக்கவில்லை.

சரி, பாத்திரங்கள். இங்கே பேப்பர் டேப்பில் பேர் எழுதி அடியில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். 13 அப்படி இருக்கின்றன. இரண்டு எவர்சில்வர் தூக்குகளில் பேர் வெட்டியிருக்கிறது, அவை யாருடையவை என்று தெரியும். மீதி இரண்டுக்குப் பேர் இல்லை. ஒன்று நீல மூடி போட்ட கண்ணாடித் தட்டு, இன்னொன்று காது உடைந்த அலுமினியச் சட்டி. உரியவர்கள் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். வெறும் பாத்திரமாகத் தரமாட்டேன், சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்