பத்து வயதில் பிள்ளைகளைக் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் அதற்கு மறுநாளும் என் பேரனை இரண்டு இடங்களுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. சனிக்கிழமையன்று ஒரு தனியார் பள்ளியில் 6ஆம் வகுப்புச் சேர்க்கைக்கான எழுத்துத் தேர்வு; ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தில் 11 வயதுக்குட்பட்டோர் அணிக்கான ஆள் தேர்வு. அந்தப் பள்ளியின் பெயரையோ பயிற்சி மையத்தின் பெயரையோ எழுதுவது என் நோக்கம் அன்று. அங்கே நான் பார்த்தது அந்த இரண்டு இடங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது, என்னோடு வாசலில் காத்திருந்த பெற்றோர்கள் பேசிக்கொண்டதிலிருந்தே தெரிந்தது.

சனிக்கிழமைத் தேர்வு ஒன்றரை மணி நேரம் நடந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் ஒவ்வொரு குடும்பமும் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு இன்னொரு தேர்வை நடத்தியது. ஒரு சிறுமி, தான் போட்ட கணக்கு தப்பு என்று தெரிந்தவுடன், கையிலிருந்த பென்சில் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாளே தவிர, அவளுடைய அம்மா நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கவே இல்லை. எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பது எங்களில் ஒருவருக்கும் சொல்லப்படவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஏறத்தாழ அறுபது சிறுவர்கள் நின்றார்கள். எண் போட்ட ஆரஞ்சு நிறக் கையில்லாத பனியன்களைக் கொடுத்தார்கள். சிறிய பையன்களுக்கு அது முழங்கால் வரை தொங்கியது. பெரியவர்கள் ஆடும் முழு மைதானத்தில், பெரியவர்களின் கோல்போஸ்ட்டை வைத்து, பக்கத்துக்குப் பதினொரு பேராக இருபது நிமிடம் ஆடவிட்டார்கள். அந்த இருபது நிமிடத்தில் என் பேரனின் காலில் பந்து பட்டது மூன்று முறை, நான் எண்ணினேன். பிறகு எல்லாரையும் வெயிலில் உட்காரவைத்து, பதினெட்டுப் பெயர்களை வாசித்து, வாசிக்கப்பட்டவர்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பனியனைக் கழற்றி மடித்துக் குவியலில் வைத்துவிட்டு வந்த என் பேரன் ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் கேட்டான்: "என்னைக் கழிச்சிட்டாவளா தாத்தா?"

காய்கறிக் கடையில் சொத்தைக் கத்தரிக்காய்க்குச் சொல்லும் சொல்லை ஒரு பத்து வயதுப் பிள்ளை தனக்குச் சொல்லிக்கொள்கிறான். அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அவன் நவம்பர் மாதத்தில் பிறந்தவன். இளையோர் கால்பந்தில் வயதுப் பிரிவைப் பொதுவாக ஜனவரி 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த பையனோடு அவன் போட்டியிட வேண்டும். நாற்பது வயதில் பத்து மாத வித்தியாசம் ஒன்றுமில்லை. பத்து வயதில் அது உடம்பிலும் ஓட்டத்திலும் பளிச்சென்று தெரியும். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே இளையோர் அணிகளில் மிகுதியாக இருக்கிறார்கள் என்பதைக் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளை வைத்து 1980களிலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் பல நாடுகளின் கால்பந்திலும் அதுவே காணப்பட்டது. பள்ளிக்கூடக் கணக்கோ வேறு. தமிழ்நாட்டில் சேர்க்கை வயதுக்கு ஜூலை 31ஆம் தேதியைப் பார்க்கிறோம். அதனால் ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தது, ஜூலையில் பிறந்தது இளையது. என் பேரன் வகுப்பில் மூத்தவர்களில் ஒருவன், மைதானத்தில் இளையவர்களில் ஒருவன். "படிப்புல கெட்டிக்காரன், விளையாட்டுதான் வரல" என்று அவனைப் பற்றி எங்கள் வீட்டிலேயே பேசிக்கொண்டிருந்தோம். அதில் பாதியாவது காலண்டர் செய்த வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் பெயர் வாசித்தவன்தான். பணியில் சேர்ந்த முதல் பத்து ஆண்டுகளில் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஜூன் மாதமே வரிசையில் நிறுத்தி, உயரமும் வேகமும் உள்ளவர்களை எடுத்துக்கொண்டு மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். எங்கள் விளையாட்டுச் சாமான் அறையில், கதவுக்குப் பின்னால் இருந்த சுவரில், ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒருநாள் மழைக்கு அந்த அறையில் ஒதுங்கியபோது அந்தக் கோடுகளை நிதானமாகப் படித்தேன். 6ஆம் வகுப்பில் 131 செ.மீ. உயரம் இருந்து, அதனாலேயே நான் அனுப்பிவிட்ட ஒரு பையன், 8ஆம் வகுப்பில் 140, 10ஆம் வகுப்பில் 162. அதே ஆண்டில் நான் முதலில் எடுத்த பையன் 6ஆம் வகுப்பிலேயே 152. 10ஆம் வகுப்பில் 165. நான்கே ஆண்டுகளில் இடைவெளி மூன்று சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டிருந்தது. அன்று மாலையே அந்தப் பையனைக் கூப்பிட்டு மைதானத்துக்கு வரச் சொன்னேன். "வேண்டாம் சார், எனக்குப் பந்து வராது" என்றான். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை 8ஆம் வகுப்புக்குக் கீழே நான் பெயர் வாசிக்கவில்லை. வந்த பிள்ளைகள் அனைவரையும் நான்கு நிறங்களாகப் பிரித்து, சிறிய களத்தில் ஆடவிட்டேன். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களையும் பார்த்த எந்தச் சம்சாரியும் நாற்று குட்டையாக இருக்கிறதென்று நாற்றங்காலிலேயே பிடுங்கி வரப்பில் எறிவதில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் காட்டுவார்.

பள்ளிச் சேர்க்கையைப் பொறுத்தவரை, புதிதாகச் சட்டம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதையும் தடை செய்கிறது. சோதித்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். விண்ணப்பங்கள் கூடுதலாக வந்தால் குலுக்கல் போன்ற முறையில்தான் எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதால், எல்.கே.ஜி.க்கு வரும் மூன்றரை வயதுக் குழந்தைக்கு அது பொருந்தாது என்று வாதிடச் சிலருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. மழலையர் சேர்க்கைக்கான தேர்வையும் நேர்காணலையும் ஒழிக்க வேண்டும் என்று பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருந்தும் நிலைமை இப்படித்தான் இருக்கிறது. ஆனால் 6ஆம் வகுப்பில் சேர வரும் பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயது. அங்கே வயதைப் பற்றி எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. தேர்வு என்பதைத் 'திறனறிதல்' என்றோ 'கலந்துரையாடல்' என்றோ பெயர் மாற்றிவிட்டால் அது வேறொன்றாகிவிடாது. பெற்றோர்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று கேட்கலாம். நாளைக்கு அதே பள்ளியில் தம் பிள்ளை ஏழு ஆண்டுகள் படிக்க வேண்டும் என்ற பயம்தான் காரணம். ஆகவே புகார் வரட்டும் என்று கல்வித்துறை காத்திருப்பதில் பயனில்லை.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். பெண் பிள்ளைகளுக்கும், காது கேளாத பிள்ளைகளுக்கும், பார்வையற்ற பிள்ளைகளுக்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிக்கூடம் வைத்த ஊர் இது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களைச் சேர்த்துக்கொண்டதால்தான் இந்த ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

கால்பந்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நார்வே நாட்டில் 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகள் உண்டு: 11 வயதாகும் ஆண்டுக்கு முன்பு தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை, 13 வயதாகும் ஆண்டுக்கு முன்பு தேசியச் சாம்பியன்ஷிப் போட்டி கிடையாது. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் 2011 கணக்கெடுப்பின்படி சேர்ந்தே 48 லட்சம் பேர் இருந்தோம். அப்படிப்பட்ட சிறிய நாடுதான் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களோடு முதலிடம் பெற்றது. சின்ன வயதில் கழிக்காவிட்டால் பெரிய வயதில் வீரர்கள் கிடைக்க மாட்டார்கள் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2012இல் முடிவெடுத்து, 8 வயதுப் பிரிவு வரை பக்கத்துக்கு ஐந்து பேர், 10 வரை ஏழு பேர், 12 வரை ஒன்பது பேர் என்று களத்தையும் கோல்போஸ்ட்டையும் சேர்த்துச் சிறிதாக்கினார்கள். களம் சிறிதானால் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். அப்படித்தான் ஆட்டம் கைவரும். நம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 12 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்காக 2018இல் கோல்டன் பேபி லீக்கைத் தொடங்கியது இதே எண்ணத்தில்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில்கூட 7ஆம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளை எடுக்கிறார்கள். உயரம் போதாது என்று பிரான்சின் பல கிளப்புகள் திருப்பி அனுப்பிய அன்டோயின் கிரீஸ்மன் 2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அதே பிரான்சுக்காக கோல் அடித்தார் என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும்.

பெற்றோர்களைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. என் மருமகன் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறார். தன் பிள்ளைக்குத் தன்னைவிட நல்ல வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன, சான்றிதழ் இருந்தால் உதவும் என்று யாரோ சொல்ல, கால்பந்தும் ஒரு டியூஷனாகிவிட்டது. இந்தச் சான்றிதழ் ஆசையே பிள்ளையின் வயதைக் குறைத்துக் காட்டும் தவறுக்கும் சில இடங்களில் இட்டுச் சென்று, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சரிபார்க்கும் நிலைக்கு இளையோர் விளையாட்டைக் கொண்டுவந்துவிட்டது. போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகும், 6ஆம் வகுப்பு முதலே 'பவுண்டேஷன்' என்று சொல்லி எங்கள் தெருவில் துண்டறிக்கை போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும்.

உடம்பும் இதற்கு ஈடுகொடுப்பதில்லை. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். கட்டாந்தரையில், ஆணி வைத்த பூட்ஸோடு, வாரம் முழுக்க ஓடவிட்டால் அங்கே வலி கண்டு, பிள்ளை நுனிக்காலில் நடக்கத் தொடங்கும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடக்கூடிய வலி அது. ஆனால் அடுத்த ஆள் தேர்வில் பெயர் விட்டுப்போகுமே என்று வலியை மறைத்து ஓடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் அச்சாவதற்கு முன்பே, 8ஆம் வகுப்பு வரையுள்ள எந்தச் சேர்க்கைக்கும் தேர்வோ நேர்காணலோ கிடையாது என்ற ஒரு வரியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அச்சிடும்படி எல்லாப் பள்ளிகளுக்கும் மாவட்டக் கல்வி அலுவலகம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்; இடங்களின் எண்ணிக்கையையும் குலுக்கல் நடக்கும் நாளையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட வேண்டும். பயிற்சி மையம் நடத்தும் தம்பிமார்களில் பலர் நல்ல ஆட்டக்காரர்கள், சிலர் என்னிடம் பயின்றவர்கள். 12 வயது வரை அவர்கள் ஆள் தேர்வை விட்டுவிட்டு, வந்த பிள்ளைகள் அனைவரையும் ஆடவிட வேண்டும். மே மாதத்தில் அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் கோடைக்காலப் பயிற்சி முகாமில் அதற்கென்று ஒரு மூலையும், நான்கு சிறிய கோல்போஸ்ட்டுகளும் ஒதுக்கினால், காலை ஆறு மணிக்கு விசிலோடு வந்து நிற்க நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இன்னும் நாலைந்து பேர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.