‘கோபத்தின் நாள்’: ஆக்கிரமிப்புக் காலத்து உருவகம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்க்கால ஸ்காண்டிநேவிய சினிமா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நார்வேயில் நாஜி சார்பு நிர்வாகம் 1941இல் இயக்குநர் லைஃப் சிண்டிங்கின் தலைமையில் திரைப்படத் துறையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த விவரம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் சூனிய விசாரணையை வைத்து எடுத்த ‘கோபத்தின் நாள்’ படத்தை, ‘நாஜிகளுக்கு எதிரான உருவகம், கதை என்னவோ பழைய மேடை மெலோடிராமாதான்’ என்று இரண்டே வரியில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கின் யூதர்கள் படகேறிச் சுவீடனுக்குத் தப்பிய மறுமாதம், 1943 நவம்பரில், கோபன்ஹேகனில் வெளியான படம் இது. காட்டிக்கொடுப்பதும் சித்திரவதையும் உயிரோடு எரிப்பதும் திரையில் வரும்போது, பார்த்தவர்களுக்கு வெளியே நின்ற ஜெர்மன் சிப்பாய்களின் நினைவு வந்திருக்கும். சரி. ஆனால் அதை நினைத்து எடுத்ததாக டிரையர் ஒப்புக்கொள்ளவில்லை. மூலக்கதையும் நார்வேக்காரரான ஹான்ஸ் வியர்ஸ்-யென்சன் இந்தப் போருக்கு வெகுகாலம் முன்பே எழுதிய நாடகம்.

நாடகத்துக்கு வித்து ஓர் உண்மைப் பெண். பெர்கன் நகரத்து மதகுரு அப்சலோனின் மனைவி ஆன். 1575இல் சூனியக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானவரை, விதவையாக இருந்தபோது 1590இல் மறுபடி பிடித்து எரித்துவிட்டார்கள். நாடகாசிரியர் அவரைக் கிழவருக்கு வாய்த்த இளம் இரண்டாம் தாரமாக்கினார். மூத்த தாரத்து மகனோடு காதல், மருமகளைக் கண்ணால் சுடும் மாமியார் எல்லாம் அவர் சேர்த்தவை. கட்டுரையாளர் மெலோடிராமா என்று ஒதுக்குவது இதைத்தான். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

படத்தில், ஆன் என்பவளை மணப்பதற்காகவே, சூனியக்காரி என்று பெயர்வாங்கிய அவள் தாயை அப்சலோன் தப்பவிட்டிருக்கிறார். ஆனுக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் மார்தே என்ற கிழவி பிடிபட்டு, ‘அவளை விட்டீர்களே, என்னையும் விடுங்கள்’ என்று கெஞ்சும்போது கைவிடுகிறார். ஏணியில் கட்டி அவளை நெருப்பில் சாய்க்கிறார்கள். பக்கத்தில் சிறுவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பிற்பாடு, நீங்கள் செத்தால் தேவலை என்று நினைத்ததுண்டு என ஆன் முகத்துக்கு நேரே சொல்ல, கணவர் விழுந்து இறக்கிறார். சவப்பெட்டியருகே மாமியார் அவளைச் சூனியக்காரி என்கிறாள். கூடவே நிற்பதாக வாக்குக் கொடுத்த காதலன், மூத்த தாரத்து மகன் மார்ட்டின், பாட்டியின் பக்கம் போய் நின்றுகொள்கிறான். விசாரணை செய்த அத்தனை பாதிரிமாரையும்விட எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம். அவன் விலகிய பிறகே ஆன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். தானே அதை நம்பிவிட்டாளா என்பதை ஆன் வேடத்தில் நடித்த லிஸ்பெத் மோவினின் முகம் கடைசிவரை சொல்வதில்லை.

வெறும் உருவகமாக இருந்தால், ஆக்கிரமிப்பு முடிந்த 1945ஓடு இந்தப் படத்துக்கும் வேலை முடிந்திருக்கும். வெளியானபோது ரொம்ப மெதுவாக நகர்கிறது என்று கோபன்ஹேகன் விமர்சகர்கள் குறைசொன்ன படத்தை நாம் இன்னும் பார்க்கிறோம்.

வியர்ஸ்-யென்சனின் நாடகத்தையும் டிரையரின் படத்தையும் காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டு விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். நாடகம் தெரிந்த ஒருவர் எழுதினால் மிகவும் நல்லது.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்