சாகுபடிச் செலவு தெரியும், வைத்தியச் செலவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர், தங்கள் ஊர் மருத்துவர் கட்டணத்தை 100 ரூபாயிலிருந்து 150 ஆக உயர்த்திவிட்டதாக மனம் நொந்து எழுதியிருந்தார். நடவுக்குப் போகிற வீட்டில் 50 ரூபாய் எவ்வளவு பெரிது என்பதை நேரில் அறிந்தவன் நான். அவருடைய வருத்தத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த 100 எப்படி வந்தது, 150 எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாது, அந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து ஊரில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து வைத்த தொகையாகத்தான் இருக்கும்.

நான் மன்னார்குடி வட்டத்தில், கோட்டூர் பக்கம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு ஆண்டும் ஏக்கருக்கு எவ்வளவு பயிர்க்கடன் என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு நிர்ணயம் செய்யும். அதற்காக உழவு, விதை, நாற்று, நடவுக் கூலி, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை என்று வரிவரியாகக் கணக்கு எழுதியே என் காலம் போனது. ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் வீட்டின் முன்பகுதியிலேயே கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவருக்கு வரவு செலவு எழுதித் தருகிறேன். படுக்கை கிடையாது, மருந்துக்கடையும் கிடையாது. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், டோக்கன் கொடுக்க ஒரு தம்பி, பெருக்கித் துடைக்க ஒரு அம்மா, இவ்வளவுதான். கட்டணம் 100. மூன்று நாளுக்குள் அதே நோய்க்கு மறுபடி வந்தால் காசு வாங்குவதில்லை.

அங்கே முதல் மாதம் நோட்டைப் புரட்டியபோதே எனக்குச் சுருக்கென்றது. எழுதியிருந்ததெல்லாம் கையைவிட்டுப் போன காசு மட்டும். சிஸ்டருக்கு 12,000, தம்பிக்கு 10,000, பெருக்குகிற அம்மாவுக்கு 4,000, மின்சாரம் 4,500. பஞ்சு, கட்டுத்துணி, ஊசி, கையுறை, சர்க்கரை பார்க்கும் பட்டை எல்லாம் சேர்த்து 8,500. மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டிக்கு 1,500. அச்சு, போன், சில்லறைப் பழுது 2,500. ஆக 43,000. அந்த மாதம் கட்டணமாக வந்தது 83,400. மீதி 40,400 என்று கோடு போட்டு முடித்திருந்தார்கள்.

நெல்லில் இந்தக் கணக்கு செல்லாது என்று டெல்டாவில் விவசாய சங்கக் கூட்டத்துக்குப் போன யாருக்கும் தெரியும். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் மூன்று விதமாகக் கணக்குப் பார்க்கிறது. கையிலிருந்து போன செலவு ஏ2. அதோடு வீட்டு ஆட்கள் பாடுபட்ட உழைப்புக்கும் ஒரு கூலி போட்டால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும், போட்ட முதலுக்கான வட்டியையும் சேர்த்தால்தான் சி2. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை வேண்டும் என்று 2006ல் சொன்னது. எந்தச் செலவுக்கு மேல் என்பதுதான் இன்றுவரை தீராத தகராறு. 2018ல் அரசு ஒன்றரை மடங்கு என்று அறிவித்தது ஏ2 கூட்டல் எஃப்எல்லுக்கு மேல். நாம் கேட்டது சி2.

அதே அளவுகோலை கிளினிக்கில் வைத்துப் பார்த்தேன். டாக்டரின் மனைவி காலையில் கருவிகளைக் கொதிக்கவைப்பதிலிருந்து இரவு போன் எடுப்பது வரை அரை நாள் வேலை பார்க்கிறார்கள். அது வீட்டு ஆள் உழைப்பு. வேறு ஆள் வைத்தால் 8,000 கொடுக்க வேண்டும். முன்பகுதியை வாடகைக்கு விட்டால் 7,000 வரும். ஈசிஜி இயந்திரம், நெபுலைசர், இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவற்றின் தேய்மானம் மாதம் 4,000. இப்படி 19,000 கூடி, செலவு 62,000 ஆகிறது. கையில் நிற்பது 21,400. அதுதான் டாக்டரின் சம்பளம், காலை நாலு மணி நேரம், மாலை நாலு மணி நேரம், மாதம் 26 நாள் உட்கார்ந்ததற்கு.

அரசுப் பணியில் சேரும் உதவி மருத்துவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100; அகவிலைப்படி சேர்த்தால் 80,000ஐத் தாண்டும். முப்பது வருட அனுபவத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த 80,000ஐ மட்டும் இவருடைய உழைப்புக்குப் போட்டால், மொத்தச் செலவு 1,42,000. ஏ2வில் லாபம் காட்டிய நோட்டு, முழுச் செலவில் 58,600 நட்டம் காட்டுகிறது. கட்டணத்தை 150 ஆக்கினாலும் 1,25,100தான் வரும். வாசகர் மன்னிக்க வேண்டும், நான் கட்டண உயர்வுக்கு வக்காலத்து வாங்கவில்லை. உயர்த்தினாலும் எட்டாத ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் கவலை.

இதற்கு மேல்தான் முக்கியமான விஷயம். என் மகள் செலவுக் கணக்காயர் படிப்பு முடித்தவள். நான் நோட்டைக் காட்டியதும் அவள், நேரத்தை வைத்துச் செலவு பார்க்கும் ஒரு முறையைச் சொன்னாள். ராபர்ட் கப்லான், ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற இருவர் 2004ல் எழுதியது. பிறகு 2011ல் கப்லானும் மைக்கேல் போர்ட்டரும் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டே எண்கள் போதும். ஒரு நிமிடத்துக்கு என்ன செலவு, ஒரு வேலைக்கு எத்தனை நிமிடம். மொத்த நேரத்தையும் வேலை நேரமாக எடுக்கக் கூடாது, 80 சதவீதம்தான் உண்மையான உழைப்பு நேரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் கிளினிக்கில் மாதத்துக்கு 12,480 நிமிடம். எண்பது சதவீதம் என்றால் ஏறத்தாழ 10,000. மொத்தச் செலவு 1,42,000ஐ இதால் வகுத்தால், டாக்டர் அறையில் ஒரு நிமிடம் 14 ரூபாய் 20 காசு.

டாக்டரின் அனுமதியோடு ஒரு மேசைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அறை வாசலில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். யார் பெயரும் எழுதவில்லை. என்ன தொந்தரவு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அவ்வளவுதான். சளி, காய்ச்சல் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். செலவு 71 ரூபாய். நடவு வயலில் நின்று கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோடு வருகிற பெண்களுக்கு ஏழெட்டு நிமிடம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்த வயதானவர்களுக்குப் பதினெட்டு நிமிடம். மாத்திரைப் பையை மேசையில் கொட்டி, எதைக் காலையில் போட்டாய், எதை விட்டாய் என்று கேட்க வேண்டும்; செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்; இன்சுலின் ஊசியை எங்கே குத்துகிறாய் என்று குத்திக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு 256 ரூபாய் ஆகிறது. ஆறாத கால்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட இருபத்துநாலு நிமிடம், 341 ரூபாய். எல்லாருக்கும் வாங்குவது 100.

அதாவது சளிக்கு வருகிறவர் கொடுக்கிற மிச்சத்தில்தான் சர்க்கரை நோயாளியைப் பார்க்க முடிகிறது. நிதானமாகப் பார்க்கிற மருத்துவர் நிமிடத்துக்கு நிமிடம் இழக்கிறார். பார்க்காமல் ஒரு ஊசியைப் போட்டு அனுப்புகிறவருக்குக் கட்டுபடியாகிறது. ஊசி போட்டால்தான் தீரும் என்று நாமும் நம்பிக் கேட்கிறோம். அந்தப் பாதத்தை இன்று பார்க்காமல் விட்டால் பிறகு திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் விரலை எடுக்க நேரிடுகிறது. அந்த அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும், நல்லதுதான். அதைத் தடுக்கிற பதினெட்டு நிமிடத்துக்கு எந்தத் தொகுப்பிலும் இடம் இல்லை.

கணக்கில் ஏறாதவை இன்னும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு பேர் வருவார்கள். சித்திரையில் முப்பது பேர். சிஸ்டரின் சம்பளம் இரண்டு மாதமும் ஒன்றுதான். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் தருகிறேன் என்பவர்களுக்குத் தனி நோட்டு இருக்கிறது. தை பிறந்ததும் ஒரு தார் வாழை, ஒரு மூட்டை புது நெல் என்று திண்ணையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவற்றை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டதற்கு டாக்டர், “அதையெல்லாம் கணக்குல கொண்டுவராதீங்க” என்றார்.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் பொருந்தும். மஞ்சள் பை, சிவப்புப் பை, ஊசிக்கு வெள்ளைக் குடுவை, கண்ணாடிக்கு நீலம், பைக்குப் பட்டைக்குறி (பார்கோடு), 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நியாயமான விதி, நானே கூடநின்று பிரித்துக் கொடுக்கிறேன். ஆனால் வண்டிக்கான தொகையைப் பெரிய மருத்துவமனை ஆயிரக்கணக்கானோர் மேல் பரப்பிவிடும், எங்களுக்கு அது கொஞ்சம் பேர் மேலேயே விழுகிறது.

கஜா புயலை நான் மறக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியலில் தென்னையெல்லாம் சாய்ந்து, பல நாள் மின்சாரம் இல்லை. டாக்டர் தஞ்சாவூரிலிருந்து ஐஸ் கட்டி வரவழைத்து, பிளாஸ்டிக் பெட்டியில் மரத்தூள் போட்டு, ஊராருடைய இன்சுலின் குப்பிகளையும் சேர்த்துக் காப்பாற்றினார். இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, ஐஸ் மேலே படவும் கூடாது. அந்த இரண்டு வாரம் யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை. ஐஸுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் ஆன செலவு எந்த நோட்டிலும் இல்லை. பின்னாளில் நான் கேட்டபோது அவருக்கே நினைவில்லை.

தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2014-15ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 62.6 சதவீதம், 2021-22ல் 39.4. குறைந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் அது நாம் கொடுத்த விலையின் கணக்கு. அந்த விலைக்குப் பின்னால் மருத்துவம் பார்த்தவருக்கு என்ன செலவானது என்பது வேறு கணக்கு. மருத்துவக் கட்டணங்களுக்கு ஒரு வரையறை வேண்டும் என்று 2024ல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் கேட்டது. நாளை அப்படி ஒரு பட்டியல் வருமானால், பெரிய நகரத்து மருத்துவமனைகளின் நோட்டை மட்டும் பார்த்து எழுதிவிடக் கூடாது. எங்கள் பக்கத்து இரண்டு ஊர்களில் மருத்துவர்களுக்கு வயதானதும் கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். படித்த பிள்ளைகள் வந்து உட்காரவில்லை. இப்போது ஒரு காய்ச்சலுக்கும் மன்னார்குடிக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. கூலி போன நாள், பேருந்துக் காசு, கூடவருகிற ஆளின் கூலி, அதுவும் செலவுதான்.

எனவே ஆசிரியர் அவர்கள் வழியாக அரசுக்கு ஒரு வேண்டுகோள். நெல்லுக்கு மாதிரி விவசாயிகளைத் தேர்ந்தெடுத்துச் செலவு திரட்டுவதுபோல், டெல்டா மாவட்டங்களில் வட்டத்துக்கு நாலைந்து சிறிய கிளினிக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறை மாணவர்களும், நம் கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்களும் சேர்ந்தாலே போதும். மழைக்காலத்தில் இரண்டு வாரம், கோடையில் இரண்டு வாரம் நிமிடக் கணக்கு எடுக்கட்டும். வீட்டு ஆள் உழைப்பு, சொந்த இடத்தின் வாடகை, தேய்மானம் மூன்றையும் விடாமல் சேர்க்கட்டும். மருத்துவர் பெயரோ நோயாளி பெயரோ வெளியில் வர வேண்டாம், எண்கள் வந்தால் போதும். அதன்பிறகு சர்க்கரை நோயாளியின் பதினெட்டு நிமிடத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று, காப்பீடா, அரசா, நோயாளியா, பேசலாம்.

என்னுடைய இரண்டு வார நோட்டு பத்திரமாக இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்ட டாக்டர் சம்மதித்துவிட்டார். ஐப்பசிக்கு முன் வந்தால் நல்லது. மழை பிடித்துவிட்டால் வாசலில் நாற்காலி போட இடம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.