அந்தப் பொண்ணு கூட்டுன கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். நல்லபடியா வந்து சேந்துட்டோம்னு அம்மா அன்னைக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டா, அதனால அதெல்லாம் திரும்ப எழுதல. அங்க அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல எஃப்ராட்டா சந்தைக்குப் போயிட்டு வரும்போது கார்ல நீ ஒண்ணு கேட்டியே, "அந்த ஆமிஷ் புள்ளைங்க சந்தோஷமாத்தானப்பா இருக்கு, நீங்க ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க"ன்னு, கரண்டும் காரும் வேண்டாம்னு குதிரை வண்டியோட தனியா வாழுற அந்தக் கிறிஸ்தவக் கூட்டத்தப் பத்தி அப்ப நான் பதில் சொல்லல. எனக்கே தெளியல. இங்க வந்து ரெண்டு வாரமா அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன், போன்ல பேசுனா பாதில தம்பி வந்து போனப் புடுங்கிருவான், அதான் எழுதிருவோம்னு உக்காந்துட்டேன்.

அந்த ஸ்டால் பொண்ணு ஞாபகம் இருக்கா? நீயும் மாப்பிள்ளையும் காய்கறி பாக்கப் போயிட்டீங்க, நான் மட்டும் அங்க நின்னேன். நீல கவுன், பட்டன் ஒண்ணுகூட இல்ல, எல்லாம் குண்டூசி குத்தியிருந்தா, தலையில அந்த வெள்ளைத் தொப்பி. பதினாலு வயசு இருக்கும். ஊறுகாய் போட்ட பீட்ரூட் ரெண்டு பாட்டில், ஷூஃப்ளை பைன்னு ஒரு இனிப்புப் பண்டம், ஒரு ஜாம். கால்குலேட்டர் கிடையாது, பிரவுன் கவர் மேலயே பென்சில்ல எழுதி, கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள 23.25-னு கூட்டிட்டா. நான் 50 டாலர் குடுத்தேன். மீதிய மொத்தமா கையில திணிக்கல, முதல்ல மூணு 25 சென்ட் காச வச்சு 24-ன்னா, ஒரு டாலர வச்சு 25, அஞ்ச வச்சு 30, இருபத வச்சு 50-ன்னு மேல ஏத்தி எண்ணிக் குடுத்தா. நம்ம சாத்தூர் அண்ணாச்சி கடையில எண்ணுவாங்களே அதே மாதிரி. எனக்கு அவ்ளோ சந்தோஷம். எத்தனாம் கிளாஸ் படிக்கிறம்மான்னு கேட்டேன். தலைய நிமித்தி, பெருமையா, ஸ்கூல் முடிச்சிட்டேன்னு சொன்னா.

அந்த வார்த்தைதான் பாப்பா. 31 வருசம் வாத்தியார் வேலை பாத்தவன் நான், எட்டாங்கிளாஸ் முடிஞ்சு ஒம்பதாம் கிளாஸுக்கு எத்தனை புள்ள வருதுன்னு ஒவ்வொரு ஜூன் மாசமும் ரெஜிஸ்டர வச்சுக்கிட்டு எண்ணுனவன். வராத புள்ளைங்க வீட்டுக்கு சைக்கிள்ல போயி, தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல நின்னு, அவங்க அம்மாமார்கிட்ட ஏச்சு வாங்கிக் கூட்டிட்டு வந்திருக்கேன். நம்ம 2009 கல்வி உரிமைச் சட்டமும் 6 வயசுல இருந்து 14 வரைக்கும்தான் கட்டாயம்னு சொல்லுது, அதுல எனக்கு எப்பவுமே மனத்தாங்கல் உண்டு. அதே பதினாலு வயசு, அதே எட்டாங்கிளாஸ், அமெரிக்காவுல ஒரு செழிப்பான ஊர்ல, வறுமையே இல்லாத வீட்டுல வந்து நிக்குதேன்னுதான் என் மூஞ்சி மாறிப்போச்சு.

எல்லாரும் அந்தக் குதிரை வண்டியப் பாத்துதான் பாவம்னு சொல்றாங்க, கரண்டு இல்ல கார் இல்லன்னு. எனக்கு அது ஒரு குறையாவே படல. நம்ம தாத்தா காலத்துல யாருக்கு கரண்டு இருந்துச்சு. ஒவ்வொரு அப்பன் ஆத்தாளும் தான் நம்புறத வச்சுத்தான் புள்ளைய வளக்க முடியும், அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஹைஸ்கூல் அனுப்புனா தலைக்கனம் வந்துரும், ஊர விட்டுப் போயிரும், பைபிள் படிக்கவும் பண்ணைக் கணக்குப் பாக்கவும் எட்டு வகுப்பு போதும்னு முடிவு பண்றாங்க பாரு, அங்கதான் எனக்கு நெருடுது. அந்த ஒத்த ரூம் ஸ்கூல்ல பாடம் எடுக்குற டீச்சரும் பெரும்பாலும் அதே எட்டாங்கிளாஸ் முடிச்ச சின்னப் பொண்ணுதான். பென்சில்வேனியாவுல அதுக்கப்புறம் 15 வயசு வரைக்கும் வாரத்துக்கு மூணு மணி நேரம் ஒரு வகுப்பு, வீட்டுல செஞ்ச வேலைய நோட்டுல எழுதிக் கொண்டாரணும், அவ்ளோதான்.

அங்க லைப்ரரில இருந்து எனக்கு ஒரு புத்தகம் எடுத்துக் குடுத்தியே, அதுல ஆமிஷ் ஆளுங்களோட அந்த 1972 கேஸ முழுசாப் படிச்சேன். விஸ்கான்சின்ல நியூ கிளாரஸ்னு ஒரு ஊரு, அங்க 16 வயசு வரைக்கும் படிக்க வைக்கணும்னு சட்டம், மூணு அப்பாமார் அனுப்ப மாட்டோம்னாங்க, ஆளுக்கு 5 டாலர் அபராதம், அந்த 5 டாலர் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி அவங்க பக்கம் தீர்ப்பாச்சு. டக்ளஸ்னு ஒரு ஜட்ஜ் மட்டும் ஒரு பகுதியில மறுத்து எழுதியிருக்காரு. அந்தப் புள்ள பியானோ வாசிக்க ஆசைப்படலாம், விண்வெளிக்குப் போக, கடல ஆராய ஆசைப்படலாம், அவங்ககிட்டயும் கேக்கணும்ல அப்படிங்கிறாரு. மூணு புள்ளைங்கள்ல ஒருத்தி மட்டுந்தான் கோர்ட்டுல வாயத் திறந்து சாட்சி சொல்லியிருக்கா. மத்த ரெண்டு பேர யாருமே கேக்கல. அத வாசிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

நீ சொன்ன, 16 வயசுக்கு மேல ரம்ஸ்பிரிங்கான்னு விட்டுப் புடிக்கிறாங்க, வெளிய சுத்திப் பாத்துட்டு அவங்களாத்தான் ஞானஸ்நானம் வாங்குறாங்க, வாங்காமப் போனா ஒதுக்கி வைக்கவும் மாட்டாங்கன்னு. சரிதான், ஞானஸ்நானம் வாங்கிக் கட்டுப்பட்டு அப்புறம் போனவங்களத்தான் ஒதுக்குறாங்க. பத்துல எட்டு பேருக்கு மேல அங்கயே இருந்துடுறாங்க, அதுவும் நெசந்தான். ஆனா யோசிச்சுப் பாரு, கையில எட்டாங்கிளாஸ், வீட்டுல பேசுறது பென்சில்வேனியா டச்சுன்னு ஒரு ஜெர்மன் பேச்சு, சொந்தபந்தம் சினேகிதம் மொத்தமும் அந்த ஊருக்குள்ள, வெளிய போனா ஹைஸ்கூலுக்குச் சமமான பரீட்சையில இருந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருசம் ஜீன்ஸ் போட்டு கார் ஓட்டிப் பாக்குறது வேற, இந்த மேத்ஸ் எனக்கு எவ்ளோ தூரம் வரும்னு தெரிஞ்சுக்கிறது வேற. அது தெரியாமலே இங்கயே இருக்கேன்னு சொல்றவள, அவளா விரும்பி இருக்கான்னு எப்படிம்மா சொல்றது.

அவங்கள நான் குறைச்சு நினைக்கல. வயசானவங்களுக்கு வீட்டோட சேத்தே ஒரு சின்ன வீடு கட்டிக் குடுத்து கூடவே வச்சுக்கிறாங்க. நிலம் பத்தாமப் போயி இப்ப பாதிக்கு மேல தச்சு வேலை, பட்டறைன்னு போயிட்டாங்க, ஆனா பதினாறு வயசுப் பையன் கையில தொழில் இருக்கு. நம்ம ஊர்ல இஞ்சினியரிங் முடிச்சுட்டு சும்மா இருக்கிற பசங்களப் பாத்தா எனக்கே சில நேரம் தடுமாறும்.

அப்படித் தடுமாறும்போது பென்சில்வேனியா ஸ்ட்ராஸ்பர்க்ல 1989-ல ஒரு டாக்டர் ஆரம்பிச்ச அந்தப் புள்ளைங்க ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வரும். அவங்களுக்குள்ளயே தலைமுறை தலைமுறையா கட்டிக்கிறதால வர்ற பரம்பரை நோயெல்லாம் அங்கதான் பாக்குறாங்க. கட்டடத்த எழுப்பிக் குடுத்ததுல ஆமிஷ் ஆளுங்களும் உண்டு, ஊரே வந்து மரச்சட்டம் நிறுத்தியிருக்கு. உள்ள உக்காந்து வைத்தியம் பாக்க மட்டும் வெளியில படிச்ச ஆளு வரணும். அந்தப் பீட்ரூட் விக்கிற பொண்ணு ஏன் அங்க டாக்டரா வரக்கூடாது? அவ ஊருப் புள்ளைங்கதான, அவ பாஷைதான.

உனக்கு ஒரு அக்காவத் தெரியும், ரயில்வே கேட் பக்கம் வீடு, ஒம்பதாம் கிளாஸுக்கு நான் கூட்டிட்டு வந்தவ. பத்தாவதுல ஃபெயிலாயி மறுபடி தீப்பெட்டி ஆபீஸுக்கே போயிட்டா. எனக்கு ரொம்ப நாள் மனசு கேக்கல, ரெண்டு வருசக் கூலியக் கெடுத்துட்டமோன்னு. பஸ் ஸ்டாண்டுல ஒருநாள் பாத்து அதச் சொன்னேன். "விடுங்க சார், எனக்கு வரலன்னு நானே தெரிஞ்சுக்கிட்டேன்ல"ன்னு சிரிச்சா. அவளுக்குக் கிடைச்ச அந்த ரெண்டு வருசம் சந்தையில நின்ன புள்ளைக்குக் கிடைக்கல. நீ கேட்டதுக்கு என் பதில் இதுதான் பாப்பா. ஆமா, அவங்க வளப்பு புள்ளைங்களோட வழிய அடைக்குது, பதினாலு வயசுல, புள்ளையக் கேக்காமலே.

அந்த பிரவுன் கவர் எப்படியோ என் சூட்கேஸ்லயே வந்துருச்சு, ஜாம் பாட்டிலச் சுத்தி அம்மா வச்சிருக்கா. நேத்து எடுத்து, 7.50, 6.25, அப்புறம் 4.75 ரெண்டு, பழக்கதோசத்துல சிவப்பு பேனாவ எடுத்து நானும் ஒருக்கா கூட்டிப் பாத்தேன். சரியா இருந்துச்சு. ஓரத்துல ஒரு டிக் போட்டு வச்சிருக்கேன்.

தம்பிக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா