பச்சையாகப் பேசும் காதல் காமெடிகளை முழுசாக ஓடவிடுங்கள்: ஓடிடி தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

எந்தப் படத்தை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் ஓடிடி தளத்தாருக்கு,

வணக்கம். படுக்கையறைக் கூத்தும் கூச்சமில்லாத பேச்சும் நிறைந்து, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற முத்திரையோடு வரும் காதல் காமெடிப் படங்களைப் பற்றி எழுதுகிறேன். வந்த வாரம் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துபோகிற சரக்கு என்ற நினைப்பில்தான் நீங்கள் இவற்றைக் கையாள்வதாகத் தெரிகிறது. என்னைப் போன்றவர்கள் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், அதுவும் வீட்டில் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும்.

தியேட்டரில் ஒரு பெரிய ஜோக் வந்தால், அடுத்த இரண்டு வசனம் சிரிப்புச் சத்தத்திலேயே போய்விடும். பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாதவர் இருந்தால் சிரிக்கவும் கூச்சமாக இருக்கும். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கும்போது, நேரில் பேசத் தயங்குகிற விஷயங்களைக்கூட அந்தப் படம் பேச்சில் இழுத்துவிடும். நடுவில் நிறுத்திப் பேசலாம், சிரித்து முடித்து மறுபடி ஓடவிடலாம்.

2005-ல் வந்த 'தி ஃபார்ட்டி இயர் ஓல்ட் வர்ஜின்' படத்தில், ஸ்டீவ் கரெல் மார்பு முடியை மெழுகு ஒட்டிப் பிடுங்கும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். பிடுங்கியது அவருடைய நிஜ முடி. முடி போனால் போனதுதான், மறுபடி எடுக்க முடியாது என்பதால் ஐந்து கேமராக்களை வைத்து ஒரே டேக்கில் எடுத்தார்கள். முதல் தடவை நம் கண் அவருடைய அலறலிலேயே நிற்கும். அடுத்த தடவை ஓரத்தில் நிற்கும் நண்பர்களைப் பாருங்கள். அடக்க முடியாமல் அவர்கள் சிரிப்பது நடிப்பே இல்லை. மூன்றாவது தடவை பார்க்கும்போது அலறல் பழகிப்போய், அந்த மனிதனின் கூச்சமும், அவனை அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் காதலியின் பொறுமையும் கண்ணில் படும். காதலியாக வரும் கேத்தரின் கீனர் எவ்வளவு நிதானமாக நடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதிர்ச்சி ஒரு தடவைக்குத்தான் வேலை செய்யும். அது வடிந்த பிறகும் இரண்டு பேருக்கு நடுவே ஏதாவது மிஞ்சினால், அது நல்ல படம். நாயகியின் அசட்டுத் தோழியை மட்டம் தட்டியே சிரிப்பு வரவைக்கும் படங்கள் இரண்டாம் தடவைக்குத் தாங்குவதில்லை; அவற்றுக்காக நான் வாதாடவும் இல்லை.

சரி, உங்களிடம் கேட்பது என்ன? மேலே சொன்ன படம் தியேட்டரில் 116 நிமிடம் ஓடியது. டிவிடியில் வந்த நீளமான வடிவம் 133 நிமிடம். எந்த வடிவத்தை ஓட்டுகிறீர்கள் என்று படத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் இரண்டையும் கொடுங்கள். பல தடவை பார்க்கிறவருக்கு அந்த 17 நிமிடம் பெரிய விஷயம்.

அப்புறம், கடைசியில் பெயர்கள் ஓடும்போது திரையைச் சுருக்கி அடுத்த படத்தைத் தள்ளுவதை விடுங்கள். 1998-ல் ஃபாரெல்லி சகோதரர்கள் எடுத்த 'தேர்ஸ் சம்திங் அபவுட் மேரி' படத்தில், நடிகர்கள் ஒவ்வொருவராக ஒரு பழைய பாட்டுக்கு வாயசைத்து ஆடுவது அந்த இடத்தில்தான். படத்தின் மொத்தக் குதூகலமும் அங்கே இருக்கிறது. அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் யாருக்கு என்ன லாபம்?

குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்ற கவலை நியாயமானது. அதற்கு ரகசிய எண் (PIN) பூட்டு இருக்கிறது. வசனத்தை மழுங்கடிக்கும் சப்டைட்டில் தேவையில்லை.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு காலத்தில் டிவிடி விற்பனைதான் இரண்டாவது வருமானமாக இருந்தது. அது வற்றியதும் ஸ்டூடியோக்கள் இவற்றை எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை. 2023-ல் வந்த 'எனிஒன் பட் யூ' சுமார் 2.5 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முதல் வார இறுதியைவிட இரண்டாவது வார இறுதியில் கூடுதல் வசூல். வாய்வழியாகப் பரவிய படம் அது.

உரிமக் காலம் முடிந்தால் படம் போய்த்தான் ஆக வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று இருக்கும் படம் நாளை தேடினால் இல்லை என்பது கஷ்டமாக இருக்கிறது. எடுக்கப்போகும் தேதியை ஒரு மாதம் முன்பே படத்தின் பக்கத்தில் போடுங்கள். டிஸ்க் கிடைக்கும் படமாக இருந்தால், அதற்குள் வாங்கி வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்