பேக்கரி அண்ணனுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

வணக்கமுங்க.

வெள்ளம் வீட்டுக்குள் வந்த அந்த மூணு நாளைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. பவானியிலும் குமாரபாளையத்திலும் அதைத் தெரியாதவர்கள் இல்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

சாமான் தூக்கிய தறிப்பட்டறைத் தம்பிகள், மண்டபத்தில் மூணு வேளையும் சோறாக்கிப் போட்டவர்கள், வீட்டுச் சேற்றை வழித்துவிட்ட அக்காமார், எல்லாரையும் கும்பிட்டுக்கறேன்.

பேக்கரி அண்ணனுக்குத் தனியாகச் சொல்லணும். நனைந்துபோன முப்பத்தெட்டு நாள்குறிப்பு நோட்டுகளுக்காக, ஐஸ்கிரீம் பெட்டியின் அடித்தட்டைக் காலி செய்து தந்தார். "அதுக்கென்ன அம்மிணி, கொண்டா" என்றதோடு சரி, வேறு எதுவும் கேட்கவில்லை.

அது எத்தனை பெரிய உதவி என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. ஈரத்தாளில் 48 மணி நேரத்துக்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் முப்பத்தெட்டையும் உலர்த்த முடியாது. உறையவைத்தால் பூசணம் சாகாது, ஆனால் வளராமல் நிற்கும். மை மேலும் பரவாது. நோட்டைத் திறக்காமல், மூடியபடியே லேசாக அழுத்தி நீரை வடித்து, கேக்குக்கு அடியில் போடும் வெண்ணெய்த்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினோம். அந்தத் தாளும் அவர் கொடுத்ததுதான். சுற்றாமல் வைத்தால் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்துவிடும்.

இப்போது இரண்டிரண்டாக எடுத்து உலர்த்துகிறோம். பனி விட்டதும் பத்துத் தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத்தாளைச் செருகி, ஊறினதும் மாற்றணும். நிறையச் செருகினால் தையல் விட்டுப்போகும். வெயிலில் வைக்கக்கூடாது, தாள் சுருண்டு மையும் வெளுக்கும். ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். அநேகமாக முழுக்கக் காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றணும்.

ஊற்றுப்பேனா நீல மையில் எழுதிய பக்கங்கள் வெறும் நீலத் திட்டாகிவிட்டன. பென்சிலும் பால்பாயிண்டும் அப்படியே நிற்கின்றன. பிரித்துப் பார்க்கையில் மனசு எங்கே நிற்கிறது என்பதும் தெரிகிறது. "மனசு சரியில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதியதை விரல் தாண்டிப் போகிறது. மஞ்சள் விற்ற விலை, முதல் மழை பெய்த தேதி, அம்மா ஊறுகாய்க்குச் சொன்ன உப்புக்கணக்கு, இங்கேதான் நிற்கிறது. யாருக்காக எழுதுகிறோம் என்று பல வருடம் கேட்டுக்கொண்ட கேள்விக்கு, பின்னாடி ஒருநாள் இதைப் பிரிக்கப்போகிறவருக்காக என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அது நாமாகவே இருந்தாலும்.

இனி தினம் ஒரு பக்கம், பென்சிலில்தான். மேலே தேதியும் ஊரும். கண்ணால் பார்த்த ஒன்றாவது அதில் இருக்கணும். ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிவிடணும்.

அண்ணா, பெட்டியில் இன்னும் ஆறு நோட்டு இருக்குதுங்க. ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு இடம் வேணும்னா சொல்லியனுப்புங்க, அன்னைக்கே வந்து எடுத்துக்கறேன்.