பழைய கார் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் ரெண்டு தடவை மழையால தள்ளிப் போச்சு, மத்தபடி நடந்துச்சு. வருஷாந்திர ஊர்வலமும் நல்லபடியா முடிஞ்சுது.

இந்த வருஷம் என் நேரம் முக்கால்வாசி போனது வயரிங் ஞாயிறுக்குத்தான். மாசத்துல முதல் ஞாயிறு ஷெட்டைத் தொறந்து வச்சு, மக்கர் பண்ற வண்டியோட எலெக்ட்ரிக்கல் கோளாறை ஒண்ணா உக்காந்து தேடலாம்னு போன பொதுக்குழுவுல சொன்னேன், எல்லாரும் கை தூக்குனீங்க. வந்தது பெரும்பாலும் நாலு பேர்தான்.

ஒரு உறுப்பினரோட 1960கள் வண்டியைப் பத்தி விவரமாவே எழுதுறேன், ஏன்னா எல்லாருக்கும் இது உதவும். ஐடில்ல மணிக்கணக்கா ஓடும், ரோட்டுல போய் ஆக்ஸிலேட்டரை விட்டு மிதிச்சா திடீர்னு இழுக்காம துள்ளி நின்னுடும், பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே காயில், கண்டென்சர், பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாத்தியாச்சு, எதையும் அளந்து பாக்காமலே. மூணு ஞாயிறு பாத்தோம், ஷெட்டுல நிக்கும்போது கோளாறு வரவே இல்ல. கடைசியில பாயிண்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டுற சின்ன சுவிட்ச்) மூடியிருக்கும்போது இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குங்களுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்புற பாகம்) டெர்மினலுக்கும் பேட்டரி எர்த்துக்கும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற பக்கம்) நடுவுல மீட்டரை வச்சு, என்ஜின் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டு போற வேக்குவம் பைப்பை ஒருத்தர் வாயால உறிஞ்சுனாரு. கிட்டத்தட்ட சைபர்ல இருந்த மீட்டர் 12 வோல்ட்டுக்குத் தாவுச்சு, அப்படின்னா எர்த் விட்டுப் போச்சுன்னு அர்த்தம்! உள்ள பாயிண்ட் உக்காந்திருக்கிற பிளேட் வேக்குவத்துக்குத் தக்கபடி திரும்பும், அதுக்கு எர்த் குடுக்குற சின்னப் பின்னல் வயர் உறைக்குள்ளயே அறுந்திருந்துச்சு, வெளிய பாத்தா புதுசு மாதிரிதான் இருந்துச்சு. அந்த வயரை மாத்துனதுக்கப்புறம் அந்த வண்டி ஒரு தடவை கூட நிக்கல.

இதுல நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான், லோடு இல்லாம, அதாவது பல்பு மாதிரி கரண்ட் இழுக்குற எதுவும் ஓடாம, வோல்ட் பாக்காதீங்க. பத்து இழையில ஒரே இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும், பல்பைப் போட்டாத்தான் வண்டவாளம் தெரியும். லைட் எரியும்போது பல்பு ஹோல்டர் உடம்புக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவுல அளங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல வந்தா எர்த்துல கோளாறு. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மின்னுதுன்னு வந்த வண்டிக்கு அதுதான் காரணம், புதுசா பெயிண்ட் அடிச்சப்போ எர்த் போல்ட்டு அடியிலயும் பெயிண்ட் போயிருந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சதோட சரியாச்சு.

இன்னொரு வேண்டுகோள், வயர் மாத்தும்போது பழைய கலரையே போடுங்க. பிரிட்டிஷ் வண்டிங்கள்ல பிரவுன் பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளை சாவி திருப்புனா வர்றது, பச்சை அதுக்கப்புறம் பியூஸ் தாண்டி வர்றது, கறுப்பு எர்த். ஒரு வண்டியில எல்லாமே சிவப்பா மாத்தி வச்சிருந்தாங்க, ஒவ்வொரு வயரா பிடிச்சுப் பேர் எழுதவே ஒரு பகல் போச்சு. பழசுல பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில சேர்ந்தது) நிறைய இருக்கு, பேட்டரி கனெக்‌ஷன் குடுக்குறதுக்கு முன்னாடி அதையும் ஒரு தடவை பாத்துக்கங்க.

கோளாறு வரும்போது என்ஜின் சூடா, மழையா, திரும்பும்போதா, எந்த லைட் போட்டிருந்துச்சுன்னு எழுதி வைக்க எல்லாருக்கும் ஒரு நோட்டு குடுத்தேன். திருப்பிக் குடுத்தது மூணு பேர். எனக்கு இதுல வருத்தம்தான். வந்து வந்து போற கோளாறை ஒத்த ஆளால பிடிக்க முடியாது, ஓட்ட ஒருத்தர் வேணும், மீட்டரைப் பாக்க ஒருத்தர் வேணும், வயரை ஆட்டிப் பாக்க ஒருத்தர் வேணும். வண்டி நடுரோட்டுல நின்னா ராத்திரி 10 மணிக்கும் எனக்கு போன் வருது, நானும் போயிருக்கேன், அதே ஆளு ஞாயித்துக்கிழமை வர்றதில்ல.

கணக்கைப் பொருளாளர் தனியா வாசிப்பாரு. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, வயரும் கனெக்டரும் வாங்குனதுல கொஞ்சம் கூடிப்போச்சு, அது ஒவ்வொண்ணும் உறுப்பினர் வண்டியிலதான் இருக்கு. சந்தா பாக்கி நிறைய நிக்குது, பேரை இங்க படிக்கல.

தலைவருக்கும், பொருளாளருக்கும், ஷெட் இடம் குடுத்தவருக்கும், வந்த அந்த நாலு பேருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் எல்லா வண்டிக்கும் என்ஜின்ல இருந்து பாடிக்குப் போற எர்த் பட்டையைக் கழட்டிச் சுத்தம் பண்ணலாம்னு இருக்கேன். அது அறுந்தா ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா ஓடி அதைப் பழுக்கக் காய்ச்சிடும், தீயே பிடிக்கலாம். நான் இந்தப் பொறுப்புல தொடர்றதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல, கூட வேலை செய்ய ஆறு பேர் பேர் குடுத்தா எனக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்காது. வர்ற முதல் ஞாயிறு காலைல 8 மணிக்கு ஷெட் தொறந்திருக்கும். சங்கத்து மீட்டரையும் டெஸ்ட் லேம்பையும் வாங்கிட்டுப் போனவங்க அன்னிக்குக் கொண்டு வந்துடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்